பரணி நாளில் ஐஸ்கிரீம் கேக்

அருண்பாண்டியனுக்கு இல்லை என்று சொல்ல வராது. நாக்கில் ஏதோ குறை என்று நினைத்துவிட வேண்டாம். திருத்தணி தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் வாய் இல்லாமல் பிழைக்க முடியுமா? எல்லாம் நன்றாகவே பேசுவான். ஆனால் யார் எதைக் கேட்டாலும் முதலில் வருவது ஒரு "ஆங்". சாயங்காலத்துக்குள்ளே சாதிச் சான்று எடுத்துக் கொடுத்துவிடுவாயா? ஆங். அப்படியே கரண்டு பில்லையும் நீயே கட்டிவிடுகிறாயா? ஆங். கேட்டவர் சந்தோஷமாகப் போய்விடுவார். அதற்கப்புறம் இவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவான்.

அந்த ஆங்தான் அவன் குடும்பத்தையும் இரண்டாக்கி வைத்திருந்தது. மனைவி கவிப்பிரியாவுக்கு ஆவடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் வேலை. விடியுமுன் ரயிலேறி இருட்டிய பிறகு திரும்பிக்கொண்டிருந்தாள். மகள் தன்விகாவை விழித்த கண்ணோடு பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். ஆவடிக்கே குடிபோய்விடலாமா என்று புருஷனைக் கேட்டாள். ஆங் என்றான். அதே வாரத்தில் அவன் அப்பா ராஜமாணிக்கம், "நீ இங்கியேதான இருப்பே?" என்று கேட்டார். அதற்கும் ஆங் என்றான். கவிப்பிரியா வீடு பார்ப்பதும், பார்த்த வீட்டைக் காட்டக் கூப்பிடுவதும், இவனுக்குக் கடையில் ஏதோ அவசரம் வருவதுமாகக் கொஞ்ச காலம் ஓடியது. பிறகு ஒருநாள் அவள் மகளை அழைத்துக்கொண்டு ஆவடியில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது சண்டை போடவில்லை. அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது. அது நடந்து இரண்டு மாதம் ஆகிறது.

இன்று தன்விகாவுக்குப் பிறந்தநாள். ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய நாள், பரணி. "மத்தியானம் வரோம். அஞ்சு மணி வண்டிக்குத் திரும்பிடுவோம். அதுக்குள்ள எனக்கு பதில் சொல்லுங்க பாவா. இன்னிக்கும் சொல்லலன்னா இனிமே நான் கேக்கவே மாட்டேன்" என்று கவிப்பிரியா புருஷனிடம் போனில் சொல்லியிருந்தாள். இனிமேல் கேட்கவே மாட்டேன் என்றால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியாதா?

பதில் கேட்டவளுக்குப் பதில் சொல்வதுதான் முறை. இவன் கேக் செய்தான்.

தன்விகா போனில் "ஐஸ்கிரீம்லயே கேக்கு" கேட்டிருந்தாள் என்பது ஒரு சாக்கு. கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார அவனால் முடியவில்லை என்பதுதான் நிஜம். வீட்டில் விரதம், அப்பா நாளைக்குப் பூக்காவடி எடுக்கிறார். அதனால் முட்டை போடாத கேக். அதன்மேல் பங்கனப்பள்ளி மாம்பழத்தைக் கூழாக்கிச் செய்த ஐஸ்கிரீம் ஒரு அடுக்கு, வெனிலா ஒரு அடுக்கு. செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துச் செய்து, மூடி போட்ட வட்டமான அலுமினிய டப்பாவில் வைத்து ஃப்ரீஸருக்குள் தள்ளியிருந்தான். அதுவரை சரியாகத்தான் வந்திருந்தது. ஏனென்றால் அதுவரை எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கவில்லை. மேலே எந்தக் க்ரீமைப் பூசுவது என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டான்.

நிஷாத் பேகம் அக்கா அடுத்த தெருவில் வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். கேக் சாமான்களும் கிடைக்கும். அவர் வீட்டுக்காரர் இலியாஸ் பாய் மெக்கானிக். எங்கேயோ மூடிப்போன ஐஸ்கிரீம் கடையிலிருந்து பழைய குளிர்பெட்டி ஒன்றை வாங்கி வந்து, பழுதுபார்த்து, மனைவிக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பெட்டி கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு உறுமிக்கொண்டிருந்தது.

"மூணு இருக்குது தம்பி. விப்பிங் க்ரீம் போட்டா ஃப்ரீஸர்ல இருந்தாக்கூட மெத்துனு இருக்கும். ஆனா வெளிய எடுத்தா சீக்கிரம் எளகிடும். சாக்லேட் ஊத்தினா பளபளன்னு கெட்டியாப் புடிச்சிக்கும், வெட்டும்போது ஓடு மாதிரி வெடிக்கும். பட்டர் க்ரீமு கல்லாட்டம் ஆயிடும். வெட்றதுக்கு முன்ன கொஞ்ச நேரம் வெளிய வெக்கணும். எது வேணும்?"

"ஆங்" என்றான் அருண்பாண்டியன்.

நிஷாத் பேகம் கையைத் துடைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எதுன்னு கேட்டா ஆங்னா இன்னா தம்பி அர்த்தம்? உங்க வூட்டம்மாக்கு எது புடிக்கும்?"

அவன் யோசித்தான். தெரியவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம். எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து, எத்தனை பிறந்தநாள் சேர்ந்து போயிருக்கிறார்கள்! அவள் எதை விரும்பித் தின்றாள், எதை ஒதுக்கினாள் என்று ஒன்றுகூட மனசில் வரவில்லை. அவள் "பிஸ்தாவா வெனிலாவா?" என்று கேட்பாள். இவன் "ஆங்" என்பான். அவளே ஏதாவது ஒன்றை எடுத்து வந்து அவன் கையில் கொடுப்பாள். அவ்வளவுதான் நினைவிருந்தது. வெட்கமாக இருந்தது.

"மூணும் குடுத்துடுங்கக்கா" என்றான்.

வழியெல்லாம் கூட்டம். நகரியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த பஸ்கள் மஞ்சள் துணிகளை இறக்கிக்கொண்டே இருந்தன. பம்பை மேளம் ஒரு பக்கம், தெலுங்கில் பாட்டு ஒரு பக்கம், இடையிடையே அரோகரா. ஆடிக்காற்று வாயைத் திறந்தால் மண்ணை அள்ளிப் போட்டது. அவன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, விப்பிங் க்ரீம்தான் என்று பத்தடி, இல்லை சாக்லேட்தான் என்று பத்தடி நடந்து வீடு வந்து சேர்ந்தான்.

வீட்டில் ராஜமாணிக்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கழுத்தில் மாலையோடு, மஞ்சள் தண்ணீரால் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். மருமகள் இல்லாத வீட்டில் விரத வேலை எல்லாம் அவர் தலையில். கிணறும் கொஞ்சம் நிலமும் வைத்துப் பயிர் செய்து பழகிய உடம்பு, அசராது. சுவரோரமாகக் காவடிக்கான அரளியும் சாமந்தியும் ஈரத்துணியில் சுற்றி மூட்டையாக இருந்தன.

அருண்பாண்டியன் சமையலறையில் உட்கார்ந்து மூன்று க்ரீமுக்கும் மூன்று வீடியோ பார்த்தான். ஒருத்தி பட்டர் க்ரீமைப் புகழ்ந்தாள். இன்னொருத்தி ஐஸ்கிரீம் கேக்குக்குப் பட்டர் க்ரீம் போடுகிறவர்களுக்கு மூளையே இல்லை என்றாள். மூன்றாமவன் இந்தியில் பேசினான், அவன் சொன்னதுதான் ரொம்பத் தெளிவாக இருந்தது. அப்பா வாசற்படியில் நின்று ஏதோ கேட்டார். இவன் ஆங் என்றான். மறுபடி ஏதோ கேட்டார். அதற்கும் ஆங் என்றான். அப்போதுதான் ஐசிங் சர்க்கரையை வாங்காமல் வந்தது நினைவுக்கு வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான்.

போகும்போது பத்து நிமிஷ வேலைதான். திரும்பும்போது பெரிய காவடிக் கூட்டம் ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு ஆடியது. குறுக்கே போகக் கூடாது. ஒரு சைக்கிள் கடைப் படியில் சர்க்கரைப் பொட்டலத்தோடு நின்றான். ரயில் வரும் நேரத்தைச் செல்போனில் பார்த்தான், உள்ளே வைத்தான், மறுபடி எடுத்துப் பார்த்தான். கவிப்பிரியாவிடம் என்ன பதில் சொல்வது என்று அந்தப் படியில் ஒரு தடவை ஒத்திகையும் பார்த்தான். ஒத்திகையிலும் ஆங்தான் வந்தது.

வீட்டுக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றான். ஃப்ரிட்ஜ் இரண்டு கதவையும் விரியத் திறந்துகொண்டு, உள்தட்டுகள் எல்லாம் வெளியே வெயிலில் காய, மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றது. பிளக் தரையில் கிடந்தது.

"நைனா! கேக்கு எங்க?"

"அண்டாவுல கீது. தண்ணி ஜில்லுனு இருக்கும், கெடாதுன்னு மெதக்க வுட்டிருக்கேன்" என்றார் ராஜமாணிக்கம். கிணற்றுக்குள் பால் சொம்பை இறக்கிக் கெடாமல் வைத்துப் பழகியவருக்கு, ஐஸ்கிரீமும் ஒருவகைப் பால்தானே.

டப்பா அண்டாவில் கப்பல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தான். வெனிலா கூழாகி, மாம்பழத்தோடு கலந்து, ஓரங்களில் கேக் ஊறிப்போய்ச் சரிந்திருந்தது.

"யாரக் கேட்டு அணைச்சே?" குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. அப்பாவிடம் அவன் இப்படிக் கத்தியதில்லை.

"உன்னக் கேட்டுத்தான்டா. சாமிப் பூ வெக்கணும், பொட்டியில கோழி வாட அடிக்குது, அணைச்சிட்டுக் கழுவட்டுமான்னு கேட்டேன். ஆங்னே. உள்ள இருக்கறத வெளிய எடுத்து வெக்கட்டுமான்னேன். அதுக்கும் ஆங்னே. நீ சொல்லாம நான் அத தொட்டிருப்பேனா?"

அருண்பாண்டியன் டப்பாவைத் தண்ணீரிலிருந்து தூக்கினான்.

ராஜமாணிக்கம் துடைக்கிற துணியைப் பிழிந்தார். "மால போட்டுகினு கோவப்படக் கூடாது. அதனால பொறுமையாக் கேக்கறேன். ஆவடிக்கு வரேன்னு கவிகிட்ட சொன்னியாமே. கொழந்ததான் போன்ல சொல்லிச்சு, அப்பா வரேன்னு சொல்லிச்சு தாத்தான்னு. என்கிட்ட இங்கியே இருக்கேன்னே. எந்த ஆங்க நான் நம்பறது? அவ எத நம்புவா?"

அவர் குரலில் குற்றம் சாட்டுவது ஒன்றும் இல்லை. துணியை உதறி மறுபடி தட்டுகளைத் துடைக்கப் போய்விட்டார். அவர் நாலு அறை விட்டிருந்தால் இவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்பாவை ஏமாற்றியிருக்கிறோம், மனைவியை ஏமாற்றியிருக்கிறோம், அதை நல்லவன் என்று பெயர் வாங்கிக்கொண்டே செய்திருக்கிறோம் என்று அந்த ஈரத் தரையில் நின்றபோது அவனுக்குப் பளிச்சென்று தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? கேக் கையில் ஒழுகிக்கொண்டிருந்தது.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு நிஷாத் பேகம் வீட்டுக்கு ஓடினான். அவர் எட்டிப் பார்த்தார், உச்சுக்கொட்டினார், டப்பாவை வாங்கிக் குளிர்பெட்டியின் அடியில் இறக்கினார். "மேலாக்க இறுகும். நடுவுல இறுகறதுக்கு நாளைக்கு ஆவும். இன்னா அவசரம், சாயங்காலமா வெட்டேன்."

"அஞ்சு மணி வண்டிக்குப் போயிடுவாக்கா."

நிஷாத் பேகம் கடிகாரத்தை ஏறிட்டுப் பார்த்தார். ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டார். அவன் உட்காரவில்லை. குளிர்பெட்டிக்கும் வாசலுக்குமாக நடந்தான். கேக் மேலே இறுகுகிற வரைக்கும் அவனால் செய்ய முடிந்தது அதுதான். நடுவில் வீட்டுக்கு ஓடி, மூன்று க்ரீம் சாமானையும் எடுத்து வந்து அவர் மேஜைமேல் பரப்பினான்.

"எது போடலாம்கா? நீங்களே சொல்லுங்க."

"நான் சொன்னா அது என் கேக்கு. ஆர்டர் குடுத்து வாங்கிக்கினு போ. உன் கேக்குன்னா நீதான் சொல்லணும்."

செல்போனை எடுத்துக் கவிப்பிரியாவைக் கூப்பிட்டான். ரயிலுக்குள் ஒரே சத்தம். யாரோ வாய்விட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள்.

"கவி, கேக்குமேல க்ரீம் போடணும். மூணு இருக்குது. உனக்கு எது..."

"அரக்கோணம் தாண்டிட்டோம்" என்றாள் அவள். பிறகு, "அதையும் நானேதான் சொல்லணுமா பாவா? ஒரே ஒரு தடவ நீங்க சொல்லுங்களேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போன குரலில் சொன்னாள். கட் செய்துவிட்டாள்.

அவன் மேஜையைப் பார்த்தான். விப்பிங் க்ரீம் போட்டால் ஊறிப்போன கேக்கின்மேல் வழுக்கிக்கொண்டு இறங்கும். சாக்லேட்டைச் சூட்டோடு ஊற்றினால் இருக்கிறதும் கரையும். இதெல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் அவன் அவற்றை நினைத்துத் தேர்ந்தெடுத்தான் என்று சொன்னால் அது பொய். ஏதாவது ஒன்றைச் சொல்லாவிட்டால் மூச்சு முட்டிவிடும் என்றுதான் சொன்னான்.

"பட்டர் க்ரீமு. இது ரெண்டும் வேணாம்கா, எடுத்து உள்ள வெச்சிடுங்க."

வேணாம் என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்ததும் உள்ளே ஏதோ ஒரு முடிச்சு தளர்ந்தது. நிஷாத் பேகம் மற்ற இரண்டையும் எடுத்து உள்ளே வைத்தார்.

வெண்ணெயைக் குழைத்தான், சர்க்கரையைக் கொட்டினான், அடித்தான். கை வலித்தது. மேல்பக்கம் இறுகியிருந்த கேக்கை வெளியே எடுத்து, மலைமேல் மொட்டையடித்த குழந்தைத் தலைக்குச் சந்தனம் தடவுகிற மாதிரி உள்ளங்கையால் ஏந்திக்கொண்டு, வழித்து வழித்துப் பூசினான். குளிரில் பட்ட இடமெல்லாம் க்ரீம் உடனே பிடித்துக்கொண்டது. சரிந்த பக்கமும் மூடியது, ஊறிப்போன ஓரமும் மூடியது. திரும்பக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, ரயில் வந்துவிட்டதாம் என்று யாரோ சொல்லக் கேட்டு, வைத்ததைக் கொஞ்ச நேரத்திலேயே எடுத்துக்கொண்டு கிளம்பினான். "வெட்றதுக்கு முன்ன கொஞ்ச நேரம் வெளிய வை" என்று நிஷாத் பேகம் பின்னாலேயே வந்து சொன்னார். அவன் தெரு முனையைத் தாண்டிவிட்டிருந்தான்.

கவிப்பிரியா கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். கைப்பையைத் தோளிலிருந்து கழற்றவில்லை. இளைத்திருந்தாள். தன்விகா தாத்தாவின் காவடியைச் சுற்றிச் சுற்றி வந்து, மயிலிறகை எண்ண முயன்று தோற்றுக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் கேக்கோடு தடுமாறினான்.

"வந்துட்டீங்களா?" என்றாள் கவிப்பிரியா.

"ஆங்" என்றான், அவசரமாக. இந்த ஆங்காவது உண்மை.

கேக்கை நடுக்கூடத்தில் ஸ்டூல்மேல் வைத்தார்கள். மெழுகுவர்த்தி குத்தப் பார்த்தான், இறங்கவில்லை. பக்கத்தில் தட்டில் நிற்கவைத்து ஏற்றினார்கள். தன்விகா ஊதினாள். கத்தியைக் குழந்தை கையோடு சேர்த்துப் பிடித்து அழுத்தினான். கத்தி வழுக்கியது. இன்னும் பலமாக அழுத்தினான். கேக் ஸ்டூலோடு நகர்ந்தது. பட்டர் க்ரீம் கல்லாகியிருந்தது.

"இன்னாப்பா இது, செங்கல்லா?" என்றாள் தன்விகா.

ராஜமாணிக்கம் உள்ளே போய்த் தேங்காய் உடைக்கிற கொடுவாளைக் கழுவி எடுத்து வந்தார். விரதக்காரர், கேக்கைத் தின்னமாட்டார், வெட்டுவதற்குத் தடை இல்லை. ஒரே போடு. மேலே இருந்த ஓடு நாலாகப் பிளந்தது. உள்ளேயிருந்து மாம்பழமும் வெனிலாவும் கலந்த கூழ் ஸ்டூல் காலில் இறங்கி ஓடியது. தன்விகா கைகொட்டிக் குதித்தாள். சிதறிய க்ரீம் சில்லு ஒன்றைப் பொறுக்கிக் கற்கண்டு மாதிரி கடித்தாள். அண்டா, வாளி, டம்ளர் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் ஏந்தினார்கள்.

கவிப்பிரியா ஒரு டம்ளரில் பிடித்துக் கொஞ்சம் குடித்துப் பார்த்தாள். ஒரு சில்லையும் வாயில் போட்டாள்.

"பட்டர் க்ரீமா? யாரு சொன்னா இத போடச்சொல்லி? நிஷாத்தக்காவா?"

அக்காதான் என்று சொல்லியிருக்கலாம். யூடியூப் என்றாவது சொல்லியிருக்கலாம். "நான்தான். ரெண்ட வேணாம்னுட்டு இத போட்டேன். வெளிய எடுத்து வெக்கணும்னாங்க, மறந்துட்டேன். தப்பாப் போச்சு" என்றான்.

கவிப்பிரியா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். ராஜமாணிக்கம் பேத்தியின் கையைப் பிடித்து, "வா, தெருவுல காவடி போவுது, பாக்கலாம்" என்று வெளியே அழைத்துப் போனார். அந்த மனிதருக்கு எப்போது எழுந்து போக வேண்டும் என்று தெரிந்திருந்தது.

"பதில் சொல்லுங்க பாவா. ஆவடிக்கு வரீங்களா?"

நாக்கு நுனிவரை அது வந்துவிட்டது. ஆறு வருஷப் பழக்கம், சும்மா விடுமா? ஆங் என்று சொல்லிவிட்டால் அவள் முகம் இப்போதே மலரும், தோளில் இருக்கும் பை கீழே இறங்கும், இரவு மகள் பக்கத்தில் படுப்பாள். நாளைய கதை நாளைக்கு. உள்ளங்கையில் ஒட்டியிருந்த வெண்ணெயைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"இல்ல கவி. நான் வரல."

அவள் பை வாரைப் பிடித்துக்கொண்டாள்.

"நைனாவுக்காகன்னு சொல்லிக்கலாம். அது பொய்யி. அவரு தனியா சமாளிச்சிக்குவாரு. எனக்குத்தான் போக இஷ்டமில்ல. இங்க கடையத் தொறந்தா பத்து பேரு பேரச் சொல்லிக் கூப்புடறான். அங்க வந்து நான் யாருகிட்ட போயி வேல கேப்பேன்? பயமா இருக்குது. மொதல்லயே சொல்லியிருக்கணும். நீ போயிடுவேன்னு பயந்துகினு ஆங்னு சொன்னேன். வரணும்னு நெனச்சுச் சொல்லல. உன்ன ஏமாத்திட்டேன்."

சொல்லி முடித்துவிட்டான். தீர்ந்தது என்று நினைத்தான். இனி அவள் எழுந்திருப்பாள், தெருவுக்குப் போய்க் குழந்தையைக் கூப்பிடுவாள், ஆட்டோ பிடிக்கத் தானே கூடப்போக வேண்டியிருக்கும் என்றெல்லாம் மனசு முன்னால் ஓடியது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் அழுகிறாள் என்பதை அவன் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தான். சத்தமில்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள்.

"ஆறு வருஷமா நீங்க எதுக்கும் இல்லன்னதே இல்ல" என்றாள். "எது கேட்டாலும் சரின்னு சொல்ற ஆளுகிட்ட நான் எப்பிடிப் பேசறது? செவுத்துகிட்ட கேட்டா மாதிரி. கோவம் வந்தாக்கூட யாருமேல காட்டறதுன்னு தெரியாது. அக்கா வூட்ல படுத்துனு, இந்தாளுக்கு நான் வேணுமா வேணாமான்னே தெரியலியேன்னு அழுவேன்."

"வேணும்" என்றான் அவன். இதை யோசிக்காமலேதான் சொன்னான்.

அவள் துப்பட்டாவால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். செல்போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள். "காஞ்சனாக்கா, நான் இன்னிக்கு வரல. ... இல்ல, நல்லாத்தான் இருக்காரு. ... நாளைக்குமா? தெரியலக்கா. கிருத்திகைக்கு லீவு சொல்லிக்கிறேன். இங்க பெரிய சண்ட ஒண்ணு இருக்குது, முடிச்சிட்டுத்தான் வரணும்."

போனை வைத்தாள். தோளில் இருந்த பையைக் கழற்றி மூலையில் போட்டாள். நாற்காலியை அவனுக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டு, இரண்டு காலையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"உக்காருங்க" என்றாள். "மொதல்ல அந்தக் கடையப் பத்திப் பேசலாம்."